பதினேழாம் எண் தட்டு

தட்டிலிருந்த செல்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

கிரிஜா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெளியே புனேயின் ஜூலை மழை. ஜன்னலில்லாத அந்த ஆய்வக இருட்டறைக்குள் அதன் இரைச்சலோடு ஏ.சி.யின் முனகலும், சூடேறிய விளக்கின் தூசி வாடையும், எங்கிருந்தோ லேசாகப் பால் வாடையும் சேர்ந்து வந்தன. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் அவை. வேறு செல்லாக மாற மாற, அவற்றின் மேற்பரப்பில் உள்ள பழைய ஏற்பிப் புரதங்கள் மறைந்து புதியவை முளைக்க வேண்டும். பழைய ஏற்பியில் பச்சைச் சாயம் ஒட்டும். அது நாளுக்கு நாள் குறைவதைக் கணக்கெடுப்பதுதான் அவள் வேலை. ஏழாம் நாளும் குறையவில்லை. செல்லைச் சுற்றிப் பரவியிருக்க வேண்டிய பச்சை, ஒவ்வொன்றிலும் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகப் பிறைபோல் ஒதுங்கியிருந்தது.

தட்டைத் திருப்பி வைத்தாள். பிறைகள் மெல்ல நகர்ந்து, மறுபடி அவள் பக்கம் வந்து நின்றன.

அவள் மார்பு கனத்தது. குர்தா நனைந்தது. குழந்தை இறந்து பிறந்து இரண்டு மாதம். பால் என்றோ வற்றிவிட்டிருந்தது.

தானம் தந்தவர் யாரென்று ஆய்வு செய்பவர் பார்க்கக் கூடாது என்பது விதி. அலமாரிப் பதிவேட்டைப் பிரித்தாள். பதினேழு. மே 9, 2004. அவள் குழந்தை பிறந்த நாள். சம்மதம் என்ற இடத்தில் சேஷுவின் கையெழுத்து. “கொடி, நஞ்சு எல்லாத்தையும் குழந்தையோடயே அடக்கம் பண்ணியாச்சு கிரிஜா” என்று தலையைத் தடவிச் சொன்ன கணவன். சாட்சி, வனஜா. ஆறு வருடமாகப் பக்கத்து மேசை. பிரசவ அறையில் அவள் கையை விடாமல் பிடித்திருந்தவள்.

கதவு திறந்தது. வனஜாதான்.

“தெரிஞ்சேதான் எங்கிட்ட குடுத்தியா?”

வனஜாவின் பார்வை பதிவேட்டில் விழுந்தது. “அரே, கிரிஜா... நல்ல ஸாம்பிள் கிடைக்கறதே இல்லடி. சேஷுவும் சரின்னார். உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சோம்.”

நினைச்சோம். இரண்டு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். அவள் பிள்ளையை அவளையே ஏழு நாள் கணக்கெடுக்க வைத்திருக்கிறார்கள்.

மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தாள். அந்த விளக்கு இல்லாமல் சாயம் ஒளிராது.

ஒளிர்ந்தது.

வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பச்சை.

“என்னடி அது?” வனஜாவின் குரல் உடைந்தது.

கிரிஜா பின்வாங்கினாள். ஓரடி. பச்சை அவள் பக்கம் நகர்ந்தது. இன்னோர் அடி. தட்டின் விளிம்பு. விளிம்பைத் தாண்டி, மேசையில். அது வனஜாவின் பக்கம் திரும்பவேயில்லை.

சுவரில் முதுகு இடித்தது. பால் நிற்காமல் சொட்டியது.

மேசையிலிருந்து பச்சை கீழே வழியத் தொடங்கியது.