ஒரே படத்தில் இரண்டு இதயம்

1985 மார்ச்சில் எங்கள் எக்ஸ்ரே வண்டி ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் நின்றபோது காலை பத்து மணி. மூடுபனியில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள்கூடத் தெரியவில்லை. சயரோகம் இருக்கிறதா என்று நெஞ்சுப் படம் எடுப்பது என் வேலை.

வரிசையில் கடைசியாக நேசராணி வந்தாள். முந்திய மழையில் மண் சரிந்து, அவளும் புருஷன் மாணிக்கராஜும் கட்டிப்பிடித்தபடியே புதைந்தார்கள். அவளை மட்டும்தான் உயிரோடு எடுத்தார்கள்.

“ஒடம்பு கொதிக்குதுங்கய்யா. காச்சல் இல்லேங்குறாங்க.”

“மூச்சை அடக்குங்க” என்றேன். பழக்கதோஷம், நானும் அடக்கிக்கொண்டேன்.

படத்தில் இடப்பக்கம் ஒரு இதயம். வலப்பக்கம் இன்னொன்று, கலங்கலாக.

ஃபிலிமை மாற்றாமல் இரண்டு பேரை எடுத்துத் தொலைத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த தடவை பார்க்கலாம் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

எனக்கு வானத்துப் பைத்தியம். ஒழுகும் கூரையைப் பார்க்காதவருக்கு நட்சத்திரம் எதற்கு என்பாள் என் மனைவி ஸுபைரா. ஜூனில் ஒரு சஞ்சிகையில் படித்தேன்: இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் மோதிக் கலந்தால் தூசு மூடிவிடுமாம். வெளிச்சம் வராது, வெப்பம் மட்டும் கொதித்து வருமாம். வெளியே ஒன்றுதான். உள்ளே இரண்டு மையங்கள் இருந்து, ஒன்று மற்றதை விழுங்கிக்கொண்டிருந்தாலும் எக்ஸ்ரேயில்தான் தெரியலாமாம்.

எனக்கு நேசராணியின் ஞாபகம் வந்தது.

மறுநாளே வண்டியை அங்கே கொண்டுபோனேன். அவள் பாதியாகியிருந்தாள். புது ஃபிலிமை என் கையாலேயே போட்டு எடுத்தேன். இருட்டறைச் சிவப்பு விளக்கில், மருந்து நெடியில், படம் மெல்லத் தெளிந்தது.

இடது இதயம் சுருங்கிப்போயிருந்தது.

வலது பெருத்திருந்தது.

அது மட்டும் கலங்கல். அசைந்தால்தான் அப்படி விழும்.

“மூச்சை அடக்கினீங்களா?”

“நான் அடக்குனேங்கய்யா.” அவள் குரல் தாழ்ந்தது. “அவரு அடக்கல.”

ஈரப் படத்தை மறுபடி விளக்கருகில் தூக்கிப் பார்த்தேன்.

“புள்ளைக்கு மூணு வயசுங்க. என்னையும் வாரிக்கிட்டாருன்னா அவளுக்கு யாருங்க இருக்கா? காப்பாத்துங்கய்யா.”

வண்டியிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மார்ச்சிலேயே நம்பியிருக்கலாமே என்று வழியெல்லாம் மனசு அறுத்தது. ஒரு வளைவில் அவள் என் கையை இறுகப் பிடித்தாள். பிடி தளர்ந்தபோது உயிர் இல்லை. அவள் உடம்பு சில்லென்றிருந்தது.

என் கை கொதித்தது.

பிள்ளையை அதே லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் றோசாலி வளர்க்கிறாள். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். மூச்சை அடக்குங்க என்று சொல்லும்போது நானும் அடக்கிக்கொள்கிறேன்.

என் நெஞ்சின் வலப்பக்கம் ஒருவர் அடக்குவதில்லை.