அப்பா சொன்னது எந்த 'கட்'?

செந்தமிழுக்கு இங்கிலீஷில் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'கட்'.

பார்த்தால் சின்னச் சொல்தான். ஆனால் அது செய்யும் சேட்டை கொஞ்சநஞ்சமல்ல. கரண்ட் போனால் கட். போனை வைத்தால் கட். குறுக்கே புகுந்து ஓடினால் ஷார்ட்கட். கறாராகப் பேசினால் கட் அண்ட் ரைட்.

ஒருமுறை கடற்கரையில் கிளிஞ்சல் கிழித்து அவள் காலில் காயம். பள்ளிக்குப் போகவில்லை. மறுநாள் சாமுண்டீஸ்வரி மிஸ் கேட்டார்.

"நேத்து ஏம்மா வரலை?"

இங்கிலீஷ் மிஸ்ஸிடம் இங்கிலீஷிலேயே பதில் சொல்லலாம் என்று ஆசைப்பட்டு, "கட், மிஸ்!" என்றாள் செந்தமிழ்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"கிளாஸைக் கட் அடிச்சதை இவ்வளவு பெருமையா சொல்றியே!" என்றார் மிஸ்.

காலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அப்புறம் மிஸ்ஸாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை இன்னொரு கட் வந்தது. கிரிக்கெட்டில் செந்தமிழ்தான் அம்பயர். கொளஞ்சியின் மட்டையில் பந்து உரசியது அவளுக்கு நன்றாகக் கேட்டது. விரலைத் தூக்கிவிட்டாள்.

"இனிமே உன்கூட கட்!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான் கொளஞ்சி.

அது போதாதென்று, அடுத்த நாள் அந்தச் சொல் அப்பாவின் வாயிலிருந்தே வந்தது.

செந்தமிழின் அப்பா சிலம்பரசனுக்கு மரக்காணத்தில் சின்னதாக ஓர் உப்பளம். வீடும் அதை ஒட்டித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் அம்மாவும் பெருமுக்கல்லில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். செந்தமிழும் தம்பி கௌதமனும் வீட்டில் இருந்தார்கள்.

பாத்திகளில் உப்புத் தண்ணீர் பளபளத்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பின்மேல் வெள்ளை வெளேரென்று ஓர் உப்புக் குவியல். அது அப்பாவும் அம்மாவும் வெயிலில் கருகி வாரிச் சேர்த்தது. திங்கட்கிழமை காலையில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

மத்தியானம் திடீரென்று வெயில் மங்கியது. கடல் பக்கத்திலிருந்து கறுப்பாக மேகம் கிளம்பியது. அப்போது போன் அடித்தது.

"ஏம்மா செந்தமிழு! மழை வர்ற மாதிரி இருக்குது. நாங்க கிளம்பிட்டோம். நீ உடனே... கட்..."

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் நிதானமாகச் சொன்னது.

"அப்பா இன்னா சொன்னாரு?" என்றான் கௌதமன்.

"உடனே கட்டுன்னாரா, கட் பண்ணுன்னாரா, ஒண்ணும் புரியலை."

"போனைக் கட் பண்ணச் சொல்லியிருப்பாரு. நீதான் பண்ணிட்டியே. வேலை முடிஞ்சுது!"

"போனைக் கட் பண்ணச் சொல்றதுக்கா ஒருத்தர் போன் பண்ணுவாரு?"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சுற்றிலும் எந்த உப்பளத்திலும் ஆள் இல்லை. செந்தமிழ் வெளியே ஓடிவந்து பார்த்தாள். மோட்டாரைக் கட் பண்ணச் சொன்னாரா? பெருமழை வந்தால் அப்பா மண்வெட்டியால் வரப்பைக் கட் பண்ணித் தண்ணீரை வெளியே விடுவாரே, அதுவா? இல்லை, குவியலின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் 'கட்டு' என்றாரா? ஒன்று வெட்டுவது, இன்னொன்று கட்டுவது. காதில் விழுந்ததோ பாதிச் சொல்.

"எதையாச்சும் பண்ணுக்கா! மேகம் கிட்ட வந்துடுச்சு!" கௌதமன் குதித்தான்.

"இரு. எதைத் தப்பாப் பண்ணினா திரும்பச் சரிபண்ண முடியாது?"

"இன்னாது?"

"மோட்டாரை நிறுத்தினா மறுபடி போட்டுக்கலாம். தார்ப்பாயைக் கட்டினா மறுபடி அவுத்துக்கலாம். வரப்பை வெட்டி உட்டுட்டா, போன தண்ணி திரும்பி வருமா?"

"வராது."

"அப்போ முதல்ல அந்த ரெண்டும்."

மோட்டார் கொட்டகைக்கு அவள் ஓடியபோது மோட்டார் தானாகவே நின்றுபோனது.

"கரண்ட் கட்!" என்று கைதட்டினான் கௌதமன். "அப்பா சொன்னதைக் கரண்டே கேட்டுக்கிச்சு!"

கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடுமே என்று, செந்தமிழ் சுவிட்சையும் மறக்காமல் கீழே தள்ளினாள்.

அடுத்தது தார்ப்பாய். அதை இரண்டு பேரால் நகர்த்தக்கூட முடியவில்லை. காற்று வேறு இழுத்தது. பக்கத்துத் திடலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவது தெரிந்தது. மட்டை பிடித்துக்கொண்டு நின்றவன் கொளஞ்சி.

செந்தமிழ் ஒரு நொடி தயங்கினாள். அப்புறம் ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"டேய் கொளஞ்சி! மழை வருது! எங்க உப்பு மொத்தமும் கரைஞ்சிரும். எல்லாரும் வாங்கடா!"

கொளஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நம்ம ரெண்டு பேருக்கும்தான் கட் ஆச்சே. நேத்து நான் அவுட் இல்லைன்னு சொல்லு, வர்றேன்."

"நீ அவுட்டுதான்," என்றாள் செந்தமிழ், மூச்சு வாங்க. "அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா படகு கட்டுற முடிச்சு இந்தக் கூட்டத்துல உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போ வந்து கட்டு. அப்புறமா வேணும்னா மறுபடியும் கட்!"

கொளஞ்சி உதட்டைக் கடித்துப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. மட்டையைத் தூக்கிப் போட்டான். "வாங்கடா!"

திடலே காலியானது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தார்ப்பாயைக் குவியலின் மேல் இழுத்தார்கள். காற்று ஒரு மூலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. கௌதமன் அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நான்தான் கல்லு! சீக்கிரம் கட்டுங்க!"

செந்தமிழ் கயிற்றை வீச, திடலிலிருந்து வந்த பிரியதர்ஷினி அந்தப் பக்கம் பிடிக்க, கொளஞ்சி முடிச்சுப் போட்டான். கடைசி முடிச்சு இறுகியபோது முதல் துளி அவன் மூக்கில் விழுந்தது. அடுத்த நிமிடம் சடசடவென்று கொட்டியது மழை.

கொளஞ்சி பாத்தியைப் பார்த்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா போனில் பாதியில் விட்ட சொல்லைப் பற்றிக் கௌதமன் அவனிடம் சொல்லியிருந்தான். ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்துவந்தான்.

"உங்கப்பா இதைத்தான் சொல்லியிருப்பாரு. கட் பண்ணிடலாமா?"

"வேணாம்!" செந்தமிழ் வரப்பில் ஏறிக் குறுக்கே நின்றாள். "இன்னும் ஒரு ஜாண் இருக்குது பாரு. வரப்பு மேல ஏறுற மாதிரி இருந்தா வெட்டலாம். அதுவரைக்கும் நான் இங்கேயே நின்னு பாத்துக்கிறேன்."

"தப்பாப் போயிட்டா?"

அந்தக் கேள்வி அவள் மனதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீரையே பார்த்தாள். கொளஞ்சி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். அப்புறம் பிரியதர்ஷினி. அப்புறம் எல்லாரும். நனைந்த கோழிக்குஞ்சுகள்போல வரிசையாக நின்றார்கள்.

தண்ணீர் நாலு விரல் ஏறியது. அதோடு நின்றது. வந்த வேகத்திலேயே மழையும் ஓய்ந்துவிட்டது.

அப்பாவின் பைக் வந்து நின்றது. சொட்டச் சொட்ட இறங்கி ஓடிவந்தார் அவர். பின்னாலேயே அம்மா அம்சவல்லி.

"வரப்பைக் கட் பண்ணிட்டியாம்மா?"

செந்தமிழ் வரப்பிலிருந்து இறங்கி வந்தாள். "இல்லப்பா. பண்ணலை."

அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை! நான் சொல்ல வந்தது, உடனே கட்டு, தார்ப்பாயைக் கட்டுன்னுதான். பாதியில லைன் போயிடுச்சு. நீ பாட்டுக்குக் கட் பண்ணிடுவியோன்னு வழியெல்லாம் பயந்துக்கினே வந்தேன். மழைத் தண்ணி மேலதான் நிக்குது, அதை மெதுவா வழிச்சு உட்டுடலாம். வெட்டியிருந்தா அடியில இருக்கிற, வெயில்ல காய்ஞ்சு உப்பு முத்தின தண்ணி மொத்தமும் போயிருக்கும்!"

பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கப் போனார். முடிச்சை இப்படி இழுத்தார், அப்படி இழுத்தார். அது அசையவில்லை.

"யாரு போட்ட முடிச்சுடா இது?"

"நான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் கொளஞ்சி.

"நாங்க!" என்று கத்தினார்கள் மற்றவர்கள்.

கொளஞ்சியே வந்து முடிச்சை அவிழ்த்தான். அப்பா உள்ளே கைவிட்டு ஒரு பிடி உப்பை எடுத்தார். பொலபொலவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது. அம்மா செந்தமிழை இழுத்து, தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினார். அந்த முந்தானையும் தொப்பலாக நனைந்துதான் இருந்தது.

மறுநாள் காலை லாரி வந்தது. டிரைவர் உப்பைத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"நேத்து அவ்வளவு மழை! இது மட்டும் எப்படிங்க நனையாம இருக்குது?"

"எம் பொண்ணைக் கேளுங்க," என்றார் அப்பா. "நேத்து இங்க அவதான் மேஸ்திரி."

லாரி நிறைந்து கிளம்பியது. டிரைவர் நீளமாக ஹார்ன் அடித்தார். பிள்ளைகள் கூவிக்கொண்டே ரோடு வரைக்கும் பின்னால் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடினாள் செந்தமிழ்.