மூன்றாம் படிக்குக் கீழே

மண்டபத்துக் கல்மேடையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், ஆற்றைப் பார்த்தபடி, விசாரணைக் குழுத் தலைவர் அங்கயற்கண்ணி. ஓய்வு பெற்ற நீதிபதி. அவருக்கு வலப்பக்கம் குழுச் செயலர் பால்வண்ணநாதன், மடியில் தட்டச்சுப் பலகையோடு. இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, துறைக்கோயில் அர்ச்சகர் கைலாச பட்டர். கல் ஈரமாக இருந்ததால் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக் கூரை ஒழுகியதால் குடையையும் விரித்துப் பிடித்திருந்தார். மேடையின் கோடியில் மரபு நடையின் வழிகாட்டி இசக்கிராஜா, ஒரு காலைத் தொங்கவிட்டு, மார்பில் வாரால் கட்டிய முற்காட்டிப் பெட்டியோடு.

மனுதாரர் ஆவுடைச்செல்விக்கும் மேடையில் இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை. படித்துறையின் முதல் படியில் துணிப்பை ஒன்றை அணைத்துக்கொண்டு நின்றாள். பையில் அவள் கணவனின் அஸ்திக் கலயம் இருந்தது.

பரணிநாதபுரத்தில் மரபு நடை தேரடியில் தொடங்கி இந்தத் துறையில் முடியும். இசக்கிராஜா அன்றைக்கும் வழக்கம்போலத்தான் அழைத்து வந்திருந்தான். தேரடியில் பெட்டியைத் திருகி, நூறு வருடத்துக்கு முந்தைய தேரோட்டத்தைக் காட்டினான். கன்னார் தெருவில் நின்று, இன்று பல்பொருள் அங்காடி இருக்கும் இடத்தில் ஒரு யானை கரும்பு தின்பதைக் காட்டினான். கருங்கல்லில் இருக்கும் படிகத் துகள்கள் தம்மேல் பட்ட வெளிச்சத்தை அடுக்கடுக்காகப் பிடித்து வைத்திருக்கின்றன, முற்காட்டி அந்த அடுக்கைப் பிரித்துக் காட்டுகிறது, சத்தம் கேட்காது, படம் மட்டும் தெரியும் என்பது அவன் ஆயிரம் முறை ஒப்பித்த பாடம். அந்தப் பெட்டி வந்த பிறகு சுவர்த் தகராறு, குளத்தகராறு, முதல் மரியாதைத் தகராறு எல்லாம் தீர்ந்துபோயின. சாட்சி வேண்டாம், கல்லைப் பார் என்று நீதிமன்றங்களே சொல்லத் தொடங்கியிருந்தன.

இந்த வழக்கிலும் அப்படித்தான் உத்தரவாகியிருந்தது.

"மேல பாருங்க" என்று இசக்கிராஜா மண்டபத்துப் பின்சுவரைக் காட்டினான். மழையிலும் எண்ணெயிலும் தேய்ந்துபோன நான்கு புடைப்புருவங்கள் அங்கே இருந்தன. "மறைந்த தேவர்கள். கொல்லம் எண்ணூத்தித் தொண்ணூத்தேழு, முன்னூறு வருசத்துக்கு மேல ஆச்சு, புரட்டாசிப் பௌர்ணமி, பொழுது சாயுத நேரம், நாலு பேரும் ஒளியா வந்து இந்த மேடையில காட்சி கொடுத்திருக்காங்க. ஊரே கும்பிட்டு நிக்கி. அப்பம் வெள்ளை உடுத்தின ஒருத்தி மூணாம் படியைத் தாண்டி இறங்கினா. தேவர்கள் பொசுக்குன்னு மறைஞ்சிட்டாங்க. அன்னையிலிருந்து புருஷனை இழந்த பொம்பளைங்க மூணாம் படிக்குக் கீழே இறங்கப்படாது."

"அஸ்தியைக்கூட மூணாம் படியில வச்சு ஆம்பளை கையிலதான் கொடுக்கணும்" என்றாள் செல்வி. "எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பிள்ளையும் கிடையாது. கூலிக்கு ஆள் வச்சிக்கோங்காங்க. ஆறு வருஷம் படுத்த படுக்கையா கெடந்த மனுசன். தெனமும் நாந்தானே குளிப்பாட்டினேன்? கடைசிக் குளிப்புக்கு மட்டும் எவனோ ஒருத்தனா?"

"நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் பட்டர். அவர் கெட்டவர் அல்லர். செல்வியின் கணவனுக்குக் காய்ச்சல் என்றால் விபூதி கொடுத்தனுப்பியவர். "பன்னெண்டு தலைமுறையா எங்க அகத்துல காப்பாத்திண்டு வர்ற முறை. தேவர்கள் திரும்பி வரணும்னா படி சுத்தமா இருக்கணும். இன்னிக்கு வெள்ளைப் புடவை வேற கட்டிண்டு வந்திருக்கே."

"வேணும்னுதான் கட்டினேன் சாமி. அவரு போன அன்னைக்குக்கூட நான் வெள்ளை கட்டல. இன்னைக்குக் கல்லு என்ன சொல்லுதுன்னு பாப்போம். தேவரு கையைக் காட்டி 'இறங்காதே'ன்னு சொல்லியிருந்தா இப்படியே வீட்டுக்குப் போயிருதேன்."

அடுத்த வாரம் அவள் கணவனுக்கு ஆட்டைத் திவசம், இறந்து ஒரு வருடம். அதற்குள் தீர்ப்பு வரவேண்டும்.

"திற" என்றார் நீதிபதி.

இசக்கிராஜா தலையைச் சொறிந்தான். "அம்மா, மத்தியான நேரத்தைத் தவிர வேற எதையும் திறக்கப்படாதுன்னு கம்பெனியில சொல்லுவாங்க. பொழுது சாஞ்சா படம் மங்கலா இருக்குமாம். ஆளுங்க குறை சொல்லுவாங்களாம்."

"நாங்கள் குறை சொல்லமாட்டோம். திற. படியெல்லாம் வழுக்குகிறது, முதலில் விளக்கைப் போடு."

அவன் மண்டபத் தூண்களில் இருந்த நான்கு வெள்ளை விளக்குகளையும் போட்டான். பிறகு பெட்டியை அந்தப் பௌர்ணமி மாலைக்குத் திருகினான்.

மேடைக்கும் ஆற்றுக்கும் நடுவே காற்று ஒருமுறை தண்ணீர்போல் அசைந்தது. அசைவு நின்றபோது படிகள் புதிதாக இருந்தன. உளி பட்ட விளிம்புகள் கூர்மையாகத் தெரிந்தன. மழை இல்லை. மேற்கே செம்மை. படி முழுக்க ஆட்கள். வேட்டியைப் பிழிகிறவர்கள், குடத்தைத் தேய்க்கிறவர்கள், ஈரத்தலையோடு சிரிக்கிறவர்கள். எல்லாம் ஓசையில்லாமல் நடந்தது.

செல்விதான் முதலில் பார்த்தாள்.

"இறங்கியிருக்கா!" என்று கத்தினாள். "ஐயா, எழுதுங்க! அந்தா, இடுப்பளவு தண்ணியில. மொட்டைத்தலை, வெள்ளைச் சீலை. அவ கையில பாருங்க, கலயம்! அவளே கரைக்கா! பக்கத்துல இன்னொருத்தி! சாமி, பாத்தீங்களா? ஒருத்தனும் மறிக்கல!"

பால்வண்ணநாதனின் விரல்கள் பலகையில் ஓடின. பட்டர் குடையைச் சற்றே சாய்த்துக் குனிந்து பார்த்தார்.

செல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு வருடமாக எந்த அலுவலகத்திலும் எவரும் நம்பாத ஒன்று கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. இறங்கினாள். இரண்டாம் படி. மூன்றாம் படி. நான்காம் படி.

தண்ணீரில் நின்ற பெண் நிமிர்ந்தாள். அவள் ஆற்றைப் பார்க்கவில்லை, கரையைப் பார்க்கவில்லை, செல்வியின் கண்ணைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த கலயம் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் திரும்பினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒவ்வொரு தலையாக மேடையை நோக்கி உயர்ந்தது. கைகள் குவிந்தன. ஒரு கிழவர் படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எக்கா, மேல வாங்க! மேல வாங்கங்கேன்!" இசக்கிராஜா பயத்தில் பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான்.

எல்லாம் அணைந்தது. பழைய, தேய்ந்த படிகளில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான்காம் படியில் செல்வி தனியாக நின்றாள்.

பிறகு மேலே ஏறி வந்தாள்.

"அம்மா" என்றான் இசக்கிராஜா. "அவங்க நம்மளப் பாத்தாங்கம்மா."

"பதிவு எப்படியப்பா நம்மைப் பார்க்கும்?"

"பதிவா இருந்தா பாக்காதும்மா. வீட்டுச் சன்னல் இருக்குல்லா? பகல்ல உள்ளயிருந்து நமக்கு வெளியதான் தெரியும், தெருவுல போறவனுக்கு நம்மளத் தெரியாது. பொழுது சாஞ்ச பெறவு உள்ள லைட்டைப் போட்டா தெருவுக்கே நம்ம வீடு தெரியும். அங்க இருட்டிட்டு வந்தது. நாம நாலு லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருக்கோம்." அவன் மார்பிலிருந்த பெட்டியை அருவருப்போடு தொட்டான். "இது பதிவு இல்லம்மா. சன்னல்."

அங்கயற்கண்ணி முப்பது வருடம் தீர்ப்பு எழுதியவர். முகத்தில் எதையும் காட்டாமல் பழகியவர். "விளக்கை அணை. அதற்கு மறுநாள் மத்தியானத்தைத் திற."

மறுநாளின் வெயில் திறந்தது. இப்போது யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. மூன்றாம் படியின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. நேற்று இடுப்பளவு தண்ணீரில் நின்ற அதே பெண் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஆற்றைக் காட்டி ஏதோ கெஞ்சினாள். கயிற்றருகே நின்றவன் வெற்று மேடையைக் காட்டினான், வானத்தைக் காட்டினான், கையை விரித்தான். பிறகு அவள் தோளைப் பிடித்து மேலே தள்ளினான்.

செல்வி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் நம் காலத்துப் பக்கம் வா" என்றார் நீதிபதி. இசக்கிராஜா திருகினான். ஒரு வருடம் கடந்தது. மேடைக்குப் பின்னே சாரத்தில் உட்கார்ந்து ஒரு சிற்பி சுவரைக் கொத்திக்கொண்டிருந்தான். தேயாத, புத்தம் புதிய நான்கு உருவங்கள். நடுவில் ஒரு பெண் தெய்வம். அவளுக்கு வலப்பக்கம் மடியில் பலகையோடு ஒருவர். கோடியில் காலைத் தொங்கவிட்டு, மார்பில் பேழையோடு ஒருவர். இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, குடை பிடித்தபடி ஒருவர்.

பட்டர் எழுந்து நின்றார். குடையைப் பார்த்தார். அதை ஏதோ பாம்பைப் போல வீசி எறிந்தார். அது படிகளில் உருண்டு ஆற்றில் போய் விழுந்தது.

"குடைநாதர்" என்றார். "காலம்பற எழுந்து குளிச்சு, பட்டினியோட, அவருக்குத்தான் முதல் தீபாராதனை. எங்கப்பா பண்ணினார். அவரோட அப்பா பண்ணினார். இத்தனை நாளும் எனக்கு நானே சூடம் காட்டிண்டிருந்திருக்கேனா?" பிறகு சட்டென்று செல்வியைப் பார்த்தார். ஒரு வருடமாக அவளைத் தடுத்தவர், இப்போது பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மறுபடியும் திற இசக்கி" என்றாள் செல்வி. "லைட்டைப் போடு. அந்தக் கயிறு கட்டின அன்னைக்குச் சாயங்காலம். நான் அவங்க முன்னால நாலாம் படி, அஞ்சாம் படின்னு இறங்குதேன். நீங்க நாலு பேரும் மறையாம உக்காந்திருங்க. சிரிச்சுக்கிட்டு உக்காந்திருங்க. அவளை இறங்கச் சொல்லிக் கையைக் காட்டுங்க."

"கூடாது" என்றார் நீதிபதி.

"ஏன்? நான் செஞ்சதை நாந்தானே அழிக்கணும்?"

"நீ என்ன செய்தாய்? சந்தோஷப்பட்டு நான்கு படி இறங்கினாய். அதற்கே இவ்வளவு. இனி நான் கையைக் காட்டினால் அதை அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? 'இறங்கு' என்றா, 'மூழ்கிப் போ' என்றா? எனக்குத் தெரியாது. தெரியாமல் நான் இன்னொரு தீர்ப்பு எழுதமாட்டேன்."



நீதிபதி இசக்கிராஜாவின் பக்கம் திரும்பினார். "இந்தப் பெட்டி எத்தனை ஊரில் இருக்கிறது?"

"எல்லா ஊர்லயும் இருக்கும்மா." அவன் எதையோ யோசித்தான். "இதுக்கு முன்னால நான் ஒரு குகைக்கோயில்ல வேலை பாத்தேன். அங்க எப்பவும் இருட்டுதான். அதனால எப்பவும் லைட்டைப் போட்டுத்தான் காட்டுவோம். ஊர்க்காரங்க ஒருத்தர்கூட வாசலைத் தாண்டமாட்டாங்க. ஏன்னு கேட்டா தெரியாதும்பாங்க, ஆதி வழக்கம்பாங்க."

"நீ அங்கே என்ன செய்வாய்?"

"வாசல்ல நின்னு ரெண்டு கையையும் விரிச்சு மறிப்பேன்மா. 'உள்ள போகாதீங்க, வவ்வால் இருக்கு'ன்னு."

பால்வண்ணநாதன் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். பிறகு மெல்லத் தொடர்ந்தார்.

நீதிபதி அறிக்கையைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். தடைக்குத் தெய்வக் கட்டளை எதுவும் இல்லை. அதற்கு முன்பு எல்லாப் பெண்களும் ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். தடை, இக்குழுவின் வருகையால் ஏற்பட்டது, உடனே நீக்கப்படவேண்டும். முற்காட்டிகள் அனைத்தும் இன்றோடு அணைக்கப்படவேண்டும்.

"ஒரு சந்தேகம்" என்றார் பால்வண்ணநாதன். "நான்காம் படியில் இறங்கியது... 'ஒரு பெண்' என்று மட்டும் போட்டால் போதுமே? மனுதாரர் பெயர் எதற்கு? நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல், 'உன்னால் வந்த தடைக்கு நீயே வழக்கா?' என்று கேட்பான். பேப்பர்காரனும் விடமாட்டான்."

"அப்படியே போடலாம்" என்றார் பட்டர் அவசரமாக. "பொண்ணுன்னு போட்டா போறும்."

செல்வி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பையிலிருந்து கலயத்தை எடுத்துக்கொண்டு படிகளை நோக்கிப் போனாள். பட்டர் வழியை விட்டு ஒதுங்கினார். "போம்மா. இனி யார் கேக்கப்போறா? நான் மறிக்கல. திவசத்துக்கு முன்னாடியே கரைச்சுடு."

முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் அவள் கால் நின்றது.

நான்கு படி கீழே ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எட்டு வைத்தால் தடையைத் தாண்டிவிடலாம். செல்வி காலைத் தூக்கினாள். அதே இடத்தில் வைத்தாள். தோளைப் பிடித்துத் தள்ளப்பட்டவளின் முகம் தண்ணீருக்கும் அவளுக்கும் நடுவே நின்றது. அந்த முகத்துக்குப் பிறகு எத்தனை பேர், எத்தனை கலயம், எத்தனை கூலியாட்கள்.

"இறங்கேன்" என்றார் பட்டர், அழாத குறையாக. "யாரும் மறிக்கலையே."

"நாந்தான் மறிக்கேன் சாமி."

திரும்பி மேலே வந்தாள். கலயத்தைப் பையில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

"என் பேரைப் போடுங்க ஐயா. ஆவுடைச்செல்வி, நில அளவையர், தெற்கு ரத வீதி. முதல்ல இறங்கினது நாந்தான்னு போடுங்க. மனுவுல எங்கூட கையெழுத்துப் போட்ட பொம்பளைங்க இருக்காங்க, அவங்க வீட்லயும் பரணுல கலயம் இருக்கு. தீர்ப்பு வந்ததும் அவங்க எல்லாரும் இறங்கட்டும். அதுக்குப் பெறகு நான் இறங்குதேன். திவசத்துக்குள்ள முடியாட்டா முடியாம போகட்டும். அவரு கோவிக்கமாட்டாரு. நான் எப்பவும் லேட்டுதான்."

பால்வண்ணநாதன் 'ஒரு பெண்' என்றிருந்த இடத்தை அழித்து, பெயரையும் வேலையையும் முகவரியையும் எழுதினார்.

எல்லாமே மின்மடலாகப் போகும் காலத்திலும் கோயில் வழக்கின் அறிக்கை மட்டும் காகிதத்தில்தான் போகவேண்டும். பலகை அச்சிட்டுத் தந்த தாளில் ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். பட்டரின் கையெழுத்து கோணிப்போயிருந்தது. பால்வண்ணநாதன் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, உயர் நீதிமன்றப் பதிவாளரின் முகவரியை ஒட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். அது ஆறும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு இசக்கிராஜா அழைத்த எந்திர அஞ்சல்தும்பி மண்டபத்து விளிம்பில் வந்து இறங்கி, உறையைக் கவ்விக்கொண்டு, தூறலுக்குள் வடக்கே பறந்தது.