கோவில்பதாகைச் செய்திப் பலகை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கோவில்பதாகைப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆவடியில் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய், ஒரு பத்திரிகை ஆபீசைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடேயப்பா, அதற்கப்புறம் அவர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை! யாரைப் பார்த்தாலும், “உங்க ஊட்ல இன்னா சேதி?” என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

மறுநாளே பள்ளி வாசலில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்துச் செய்தி போடத் தொடங்கினார்கள். எழுதுவது வரலட்சுமி. சாயங்காலம் வயலிலிருந்து திரும்புகிறவர்கள் அங்கே நிற்பார்கள். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களுக்கு நாகேந்திரன் உரக்கப் படித்துக் காட்டுவான். அவன் தொண்டை அப்படி, ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

ஒரு வியாழக்கிழமை பலகையில் இப்படி வந்தது:

“எத்திராஜ் வீட்டுச் செவலைப் பசுவைக் காணோம். நேற்று விடியற்காலை வண்டிக்காரர் தங்கவேல் ஒரு செவலைப் பசுவை ஓட்டிச் சென்றார்.”

ஊர் சும்மா இருக்குமா? இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது.

மறுநாள் எத்திராஜின் பசு தானாகவே வீட்டுக்கு வந்து நின்றது. அப்போதும் பேச்சு அடங்கவில்லை.

“மாட்டிக்குவோம்னு பயந்து அவுத்து வுட்டுட்டான்” என்றாள் முத்தம்மாள். அவளுடைய கத்தரிக்காய் மூட்டையைத் தினமும் ஆவடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது தங்கவேலின் வண்டிதான். இப்போது அவளும் ஏற்றவில்லை, மற்றவர்களும் ஏற்றவில்லை. மூன்று நாளாக வண்டி காலியாக நின்றது. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை.

காலி வண்டிக்குப் பக்கத்தில் தங்கவேல் குந்தியிருந்ததை வரலட்சுமி பார்த்தாள். நாகேந்திரனிடம் போய்ச் சொன்னாள்.

“நாம இன்னா பொய்யா எழுதினோம்?” என்றான் நாகேந்திரன். “மாடு காணோம். நெசம். அவரு மாடு ஓட்டிக்கினு போனாரு. நீயே பார்த்த. அதுவும் நெசம்.”

“நெசந்தான். ஆனா அவரை ஒரு வார்த்தை கேட்டோமா?”

“ஐயோ, அவர் கைல சாட்டை கீதே!”

வரலட்சுமி தனியாகத்தான் போனாள்.

“மாமா, அன்னிக்கு யார் மாட்ட ஓட்டிக்கினு போனீங்க?”

தங்கவேல் அவளையே பார்த்தார். கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

“திருமழிசைல கீற எங்க அக்கா மாடு. மேய்ச்சலுக்கு இங்க வுட்டிருந்துச்சி. திரும்ப ஓட்டிக்கினு போய் வுட்டேன். நாலு நாளா ஊரே பேசுது, புள்ள. எவனும் என்னக் கேக்கல.”

அங்கிருந்து நேரே எத்திராஜ் வீட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள். அங்கே நின்ற பசுவுக்கு ஒரு கொம்பு எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. அன்றைக்கு அவள் பார்த்த பசுவுக்கு இரண்டு கொம்பும் முழுசாக இருந்தன. சே, எழுதுவதற்கு முன்னால் எத்திராஜ் மாமாவிடம் அடையாளம் கேட்டிருந்தால் போதுமே!

“பத்திரிகை ஆபீஸ்ல காட்டினாங்களே” என்றான் நாகேந்திரன். “தப்பா போட்டுட்டா, கடைசிப் பக்கத்து மூலைல எறும்பு மாதிரி ரெண்டு வரி போடுவாங்க. நீயும் அப்டிப் போட்டுடு.”

வரலட்சுமி பலகை முழுவதையும் துடைத்தாள். கொட்டை எழுத்தில் எழுதினாள்:

“தங்கவேல் ஓட்டியது அவர் அக்காவின் பசு. அதற்கு இரண்டு கொம்பு. எத்திராஜ் பசுவுக்கு ஒன்றுதான். விசாரிக்காமல் எழுதியது என் தப்பு. வரலட்சுமி.”

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. நாகேந்திரன் வாயைத் திறந்தான்.

“வேணாம். நானே படிக்கிறேன்” என்றாள் வரலட்சுமி.

முணுமுணுப்பதுபோலப் படித்தாள்.

“கேக்கல! கத்திப் படி!” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

மறுபடி படித்தாள். அன்றைக்குக் கேட்டவர்களில் பலர் அங்கே இல்லை. அதனால் கிணற்றடிக்குப் போய் அங்கேயும் சொன்னாள். ‘என் தப்பு’ என்ற இடம் வந்தபோதெல்லாம் முகம் எரிந்தது. ஆனாலும் விழுங்கவில்லை.

காலையில் அவள் பள்ளிக்குப் போகும்போது, தங்கவேலின் வண்டியருகே முத்தம்மாள் மூட்டையோடு தயங்கி நின்றாள்.

“மாடு உங்க அக்காவுதாமே? நெசமா, தங்கவேலு?”

தங்கவேல் நிமிர்ந்து பார்த்தார்.

“இப்பவாவது எங்கிட்ட கேட்டியே. ஏத்து” என்றார்.

மூட்டை கனமாக இருந்தது. வரலட்சுமி ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள்.