நமுத்த பெட்டி

மத்தியானம் அழுதபடியே படுத்த வெள்ளைத்தாய் கண் விழித்தபோது தலையணை காய்ந்திருந்தது. பெற்ற மகளைப் பறிகொடுத்த பதினெட்டு நாளில் அது காய்ந்ததே இல்லை. அதன்மேல் கடுகு சிந்தியதுபோல் நாலைந்து சிவந்த புள்ளிகள். தட்டிவிடப் போனாள். அவை நகர்ந்தன.

மகள் பூங்கொடி மலைக்காட்டுச் சிலந்திகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள். போன மாதம் லீவுக்குக் கோவில்பட்டி வந்தபோது, ஒரு தீப்பெட்டிக்குள் ஈரச் சருகோடு இவற்றைக் கொண்டுவந்தாள்.

"எம்மா, இத்தினிக்காணு உடம்பு, பூராவும் கவசம் பாத்தியா? ஆனா ஈரம் போச்சுன்னா உசுரு போயிரும்."

வந்த பத்தாம் நாள் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "பெட்டி காயாமப் பாத்துக்கிடும்மா" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

வெள்ளைத்தாயின் கை முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்துப் பழகிய கை. மகளை எரித்த மறுநாள், அலமாரியில் நமுத்த பெட்டி ஒன்று அந்தக் கையில் தட்டுப்பட்டது. நமுத்துப்போனதை வெயிலில் வைப்பதுதானே வழக்கம்? யோசிக்காமல் மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தாள். அது மகளின் பெட்டி என்று நினைவு வந்து ஓடிப்போய்த் திறந்தால், சருகு அப்பளமாக நொறுங்கியது. நடுவே சுருண்ட உடல்கள். மகளை இரண்டாந்தரம் கொன்றுவிட்டோம் என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

எல்லாம் சாகவில்லை போலிருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆயிற்று. கரிசல் காற்று குடத்து அடியைக்கூட விடவில்லை. இந்த வீட்டில் ஈரம் என்று மிச்சம் இருந்தது அவள் கண் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் தலைமாட்டில் வந்து நின்றாள். "எக்கா, எத்தன நாளைக்கு இப்படியே அழுதுக்கிட்டுக் கெடப்பிய? கண்ணத் தொடைங்க. மூஞ்சில என்ன, கடுகா ஒட்டிருக்கு?"

கண்ணைத் துடைக்க நீண்டு வந்த முந்தானையை வெள்ளைத்தாய் தட்டிவிட்டாள். "ஏட்டி, தொடாத! நீ போ."

இசக்கியம்மாள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். காதோரம் சரசரவென்று, பெட்டியில் குச்சி அடைப்பதுபோல் ஒரு சத்தம். கன்னத்தில் ஊர்ந்தது. இமையோரம் வந்தது. பயத்தில் கை தானாக எழுந்தது.

நின்றது.

கண் வறண்டிருந்தது. அழுகை வரவில்லை. கன்னத்தில் ஒன்று சுருளத் தொடங்கியது.

"பூங்கொடி," என்று கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்தாள். அந்தக் காய்ந்த உதட்டை நினைத்தாள்.

வந்தது. இரண்டு கண்ணும் நிறைந்தன. தலையணைக்கு அடியிலிருந்து, கூந்தலுக்குள்ளிருந்து, காதுக்குள்ளிருந்து, சிவந்த கடுகுகள் சாரைசாரையாக ஏறிவந்து கண்ணுக்குள் இறங்கின.

வெள்ளைத்தாய் இமைக்காமல் கிடந்தாள். இமைத்தால் நசுங்கிவிடும்.