பக்கத்து பிரஸ் முந்துகிறது

மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய் மூன்று மாதமான, தகடு வெட்டும் பக்கத்து பிரஸ், எழிலரசியின் இடது கடைக்கண்ணில் மறுபடியும் இறங்கியது. திரும்பினாள். அதன் பளபளப்பான பிளாஸ்டிக் கதவில் இவளுடைய பிரஸ்தான் தெரிந்தது. வெறும் பிம்பம். அது பத்து நாளாகவே தெரியும். ஆனால் பிம்பம் எதற்கு இவள் பிரஸைவிட அரை நொடி முன்னால் இறங்க வேண்டும்?

கண் டாக்டரிடம் காட்டியாயிற்று. "கண்ணு நல்லாதான் இருக்கும்மா. ஓரத்துல தெரியறதுமேல கவனம் போச்சுன்னா, அதுதான் முதல்ல நடந்த மாதிரி தோணும். கண்டுக்காதீங்க" என்றார். கண்டுக்காதே என்றால்? கவனம் என்ன குழாயா, திருகி மூடுவதற்கு? நினைக்கவே எரிச்சலாக வந்தது.

எல்லாம் அந்த அட்டையால் வந்த வினை. இரண்டு பட்டனையும் இரண்டு கையால் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அப்போது கை உள்ளே மாட்டாது. பீஸ் அதிகமாக வரட்டும் என்று சூப்பர்வைசர் தினகரன் இடது பட்டன் அமுங்கியே இருக்கும்படி அதில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டார். இப்போது வலது கை அமுக்குகிறது, இடது கை தகட்டை வைத்து எடுக்கிறது. ஒரு நொடி பிசகினால் விரல் போச்சு. அந்த நொடியையே நம்ப முடியவில்லை என்றால் என்னதான் செய்வாள்?

சூடான எண்ணெயின் நாற்றம், தரை வழியாகக் காலில் ஏறும் அதிர்வு, அம்பத்தூர் எஸ்டேட்டின் நாலு மணி வெயிலில் தகரக் கூரை டங் டங்கென்று நெளியும் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவே தகட்டை மட்டும் பார்க்க முயன்றாள். முயல முயல ஓரம்தான் பெரிதாகத் தெரிந்தது. அங்கே இறங்கியது. அப்புறம் இங்கே. இடைவெளி வளர்ந்துகொண்டே போய் இரண்டு நொடியைத் தாண்டிவிட்டது.

அங்கே ஒரு நீலக் கையுறை உள்ளே போனது. மணிக்கட்டில் ஏதோ மின்னியது. இவள் கை இன்னும் மடியில்தான் இருந்தது.

கையுறை திரும்பி வரவில்லை.

எழுந்துவிட்டாள்.

"இன்னாம்மா, மறுபடியும் நிறுத்திட்ட?" தினகரன் வந்தார்.

"அட்டையை எடுங்கண்ணா. எடுத்தாதான் உக்காருவேன். கை மாட்டிக்கும்ணா. நான் பார்த்தேன்."

"உன்னோட பெரிய ரோதனையா கீது. நவுரு, நான் ஓட்டிக் காட்றேன்."

நீலக் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கட்டில் ஸ்டீல் கடிகாரம். மின்னியது.

"வேணாம்ணா!" அட்டையைப் பிடுங்கக் கை நீட்டினாள். தட்டிவிட்டார்.

ஒரு பீஸ். இரண்டு பீஸ்.

"பாத்தியா? இன்னா ஆச்சு இப்போ?"

அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது. கண்ணை அவர் கையிலேயே வைத்திருந்தாள். ஆனாலும் ஓரத்தில் அந்தக் கதவு தெரிந்தது.

அதில் ஸ்டூல் காலியாக இருந்தது. பக்கத்தில் அவளே நின்றிருந்தாள். இரண்டு கையும் தலையில். வாய் முழுசாகத் திறந்து அலறிக்கொண்டிருந்தாள்.

இங்கே அவள் வாய் மூடியிருந்தது.

தினகரன் மூன்றாவது தகட்டை எடுத்தார்.