மூன்று முறை சுண்டினால்

பிக்கப் வண்டியை ஜூனிபர் மரத்தடியில் நிறுத்தியபோது கென்னாவுக்குப் பசியும் இல்லை, பயமும் இல்லை. போன இலையுதிர் காலத்திலிருந்தே அப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அந்த மரப்பு அவளுக்கு உடம்பு முழுக்க இருந்தது.

வண்டி நிற்பதற்குள் ஹைரம் பெல்ட்டைக் கழற்றிவிட்டான். வண்டி டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தது. அந்த இருக்கையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வைத்தாலும் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும்.

"டாலின் வண்டி டாலின் மாதிரியேதான். வாய் ஓயாது," என்றான் ஹைரம். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாலின் கென்னாவின் தம்பி. ஹைரம் அவனுடைய கூட்டாளி. ஊசிக்காது என்று ஊரார் கூப்பிடும் இந்தப் பாறை இடுக்குக்குள் போன இலையுதிர் காலத்தில் இருவரும் இறங்கினார்கள். ஹைரம் மட்டும்தான் வெளியே வந்தான். கயிற்றில் இறங்க வேண்டிய கடைசி இறக்கத்துக்குக் கீழே டாலினை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான். மீட்புக் குழு அங்கே மணலை வாரக்கணக்கில் தோண்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது.

உடல் இல்லாததால் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லாததால், துக்க வீட்டுக்குச் சபைப் பெண்கள் சீஸ் உருகக் கொண்டுவரும் உருளைக்கிழங்குத் தட்டுகளும் வரவில்லை. அவனைப் புதைக்கும்போது போட வேண்டிய வெள்ளை உடுப்பை அம்மா மட்டும் அடிக்கடி எடுத்து, மறுபடி இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். "எலும்பாவது கொண்டு வாடி கென்னா. வெறுங்கையோட வராத," என்று காலையில் வாசல்வரை வந்து சொன்னாள். கென்னா தலையை ஆட்டினாள். அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

ஹைரம் இறங்கி வடக்கே பார்த்தான். இந்த ஊர்க்காரர்கள் தலைக்கு மேலே வானம் பார்ப்பதில்லை. வடக்கே பீடபூமியில் பெய்தால்தான் இங்கே தண்ணீர் வரும்.

"ஒரு துண்டு மேகம் இருக்கு."

"இருக்கட்டும்."

"ராணி மாதிரி சொல்லிடுவ. மாட்டிக்கிட்டா நனையறது நான்ல?"

அவள் கயிற்றில் இறங்குவதற்கான இடுப்புப் பட்டையை மாட்டினாள்.

உள்ளே நுழைந்ததும் வெயில் காணாமல் போனது. இருபக்கப் பாறைகளும் தோளை உரசின. வானம் ஒரு கோடாக மேலே தெரிந்தது. பக்கவாட்டில் நடந்து, பாறையில் முதுகை அழுத்தி நகர்ந்து, குளிர்ந்த சேற்றுக் குட்டையில் இடுப்பளவு இறங்கி ஏறினார்கள். அவர்கள் மூச்சு விடும் சத்தம் பாறையில் பட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தது.

முதல் இறக்கத்துக்கு முன்னால் இடுக்கு கொஞ்சம் அகன்று ஒரு அறைபோல இருந்தது. வெள்ளம் கொண்டுவந்து தள்ளிய மரக்கட்டைகளும் மணலும் அங்கே ஆள் உயரத்துக்கு மேடிட்டிருந்தன. பாறையில் அடித்திருந்த வளையத்தில் ஹைரம் கயிற்றைக் கோர்க்கும்வரை கென்னா அந்த மேட்டில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றாள். ருசி தெரியவில்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது.

இலவங்கப்பட்டை வாசனை. டாலின் எந்நேரமும் வாயில் அடக்கிக்கொண்டிருக்கும் சிவப்பு மிட்டாயின் வாசனை.

"மிட்டாய் வெச்சிருக்கியா?"

"இல்லையே," என்றான் ஹைரம். அவன் அந்த மேட்டின் பக்கமே திரும்பவில்லை.

இங்கே கயிற்றை வளையத்தில் நுழைத்து இரட்டையாகத் தொங்கவிடுவார்கள். கடைசி ஆள் இறங்கியதும் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை மேலே ஏறி, வளையத்தைத் தாண்டி விழும். விழுந்துவிட்டால் திரும்பி ஏற வழி கிடையாது. அடுத்த இறக்கத்துக்கும் அதே கயிறுதான். வளைவுகளில் குரல் கேட்காது என்பதால் கயிறுதான் பேசும். இரண்டு முறை சுண்டினால், கயிறு காலி, வா. மூன்று முறை சுண்டினால், இழுக்காதே, நான் இன்னும் மேலே இருக்கிறேன். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கயிறு யாருடையதோ அவர்தான் கடைசியாக இறங்க வேண்டும். போன தடவை கயிறு டாலினுடையது. இன்றைக்கு ஹைரமுடையது.

கென்னா முதலில் இறங்கினாள். பிறகு ஹைரம் இறங்கினான். இருவரும் மணலில் நின்றார்கள். மேலே யாரும் இல்லை.

ஹைரம் கயிற்றை இழுத்தான்.

வரவில்லை.

"சிக்கிடுச்சு," என்று முனகிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தான். கயிறு கொஞ்சம் வந்தது. பிறகு யாரோ பிடித்ததுபோல நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மேலேயிருந்து சுண்டல் நிதானமாக வந்தது. கயிறு கென்னாவின் கையிலும் இருந்ததால் அவளுக்கும் தெரிந்தது. பாறையில் உரசினால் இப்படி எண்ணி எண்ணி அசையாது.

ஹைரம் கையைச் சுட்டுக்கொண்டவன்போல கயிற்றை விட்டான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"அன்னிக்கு டாலினும் இப்படித்தான் சுண்டினானா?" கென்னா கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கடையில் விலை கேட்பதுபோல் இருந்தது.

"கென்னா..."

"சொல்லு."

"தண்ணி சத்தம் கேட்டுச்சு. கயிறு இல்லாம அடுத்த இறக்கம் எறங்க முடியாது. அவன் மேல இருக்கான், மேடு இருக்கு, தப்பிச்சுக்குவான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"மூணு தடவை சுண்டினதுக்கப்புறம் இழுத்த."

அவன் கயிற்றிலிருந்து ஓரடி விலகினான். "எல்லார்கிட்டயும் கீழதான் அடிச்சிட்டுப் போச்சுன்னு சொன்னேன். என்னால வேற எதுவும் சொல்ல முடியல."

தான் உட்கார்ந்து ரொட்டி தின்ற மேட்டை கென்னா நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் கீழே தோண்டிக்கொண்டிருந்தபோது டாலின் மேலே, மணலுக்குள், இவர்கள் வருவதற்காகக் கிடந்திருக்கிறான். கோபம் வர வேண்டும். ஹைரமின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். கைகள் என்னவோ அசையவில்லை.

வடக்கே எங்கோ இடி உருண்டது.

"கயிற எடுக்கணும், கென்னா. கெஞ்சறேன். ரெண்டு பேரும் தொங்கி இழுப்போம்."

"நகரு."

அவள் கயிற்றைப் பிடித்து இரண்டு முறை சுண்டினாள். கயிறு காலி, வா.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு கயிறு இறுகியது. பாரம் ஏறிய கயிறு முனகுமே, அந்த முனகல். மேல் விளிம்பிலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. கயிறு இடமும் வலமும் மெல்ல ஆடியது. ஆட்டம் கீழே இறங்கி இறங்கி வந்தது. அவர்கள் தலைக்கு நேராக வந்தபோது இலவங்கப்பட்டை வாசனை மூக்கில் ஏறியது.

கயிறு தளர்ந்தது.

அவர்களுக்கு முன்னால், ஈர மணலில் இரண்டு குதிகால்கள் அழுந்தின.

"பரம பிதாவே," என்று ஹைரம் முணுமுணுத்துக்கொண்டே பாறையோடு ஒட்டிக்கொண்டான். கென்னா கயிற்றை இழுத்தாள். வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நட."

ஹைரம் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனான். கென்னா பின்னால் போனாள். அவள் ஒரு குட்டையைக் கடந்து ஏறியதும் அதே குட்டையில் இன்னொரு முறை தண்ணீர் சளசளத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இல்லாமல் போய்விடுவார்களோ என்று மட்டும் தோன்றியது. நெஞ்சில் வெகுநாளைக்குப் பிறகு எழுந்த முதல் பயம் அதுதான்.

கடைசி இறக்கம் வந்தது. ஹைரம் அவளிடமிருந்து கயிற்றை வாங்கி வளையத்தில் கோர்த்தான்.

"நான் மொதல்ல எறங்கறேன் கென்னா. ப்ளீஸ். என்னை இங்க தனியா அவனோட நிக்க வெக்காத."

கென்னா அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தன் வீட்டு மேஜையில் தின்று வளர்ந்த முகம்.

"கயிறு உன்னோடது, ஹைரம்."

அவள் இறங்கினாள். மணலில் கால் பட்டதும் கொக்கியைக் கழற்றி இரண்டு முறை சுண்டினாள். கயிறு காலி, வா. பிடியைத் தளர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஹைரம்தான். இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை, பொறு என்கிறான். அவள் பொறுக்கத்தான் செய்தாள்.

அவளுடைய கைக்குப் பின்னால் கயிறு விறைத்தது.

முதுகுக்குப் பின்னால் நின்று யாரோ இழுத்தார்கள். கயிறு அவள் உள்ளங்கையை எரித்துக்கொண்டு ஓடியது. அவள் இறுக்கிப் பிடித்தாள். பிடித்தாளா என்று பிறகு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மேலே ஹைரம் "கென்னா! இழுக்காத! கென்னா!" என்று அலறினான். கயிற்றின் மறுமுனை விளிம்பைத் தாண்டிப் பறந்து வந்து அவள் காலடியில் சுருண்டு விழுந்தது.

அவள் கீழே நின்று கயிற்றை வீசிப் பார்த்தாள். பாதி உயரம்கூடப் போகவில்லை. மறுபடி இடித்தது, இந்த முறை பக்கத்தில்.

"ஆளக் கூட்டிட்டு வரேன்! எங்கயாவது உயரமா ஏறி நில்லு!" என்று கத்திவிட்டு ஓடினாள். டாலின் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய வார்த்தைகள் அவை. அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இடுக்கை விட்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பிக் கற்சாலையில் குலுங்கக் குலுங்க ஓட்டினாள். போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மேடு வரும்வரை வேறு எதையும் நினைக்கவில்லை. மேட்டில் நிறுத்தி அவசர உதவிக்குப் போன் போட்டாள்.

டிங். டிங். டிங்.

பக்கத்து இருக்கை காலி. கயிறு வண்டியின் பின்தட்டில் கிடந்தது. இருக்கைத் துணியில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. மிதியடியில் செம்மண் தண்ணீர் சொட்டியது.

டிங். டிங். டிங்.

கென்னா சாய்ந்து பெல்ட்டை இழுத்தாள். அது வெறும் இருக்கையின் குறுக்கே படியாமல், ஒரு ஆளின் நெஞ்சைச் சுற்றி வளைவதுபோல் வளைந்து நின்றது. கொக்கியில் செருகினாள். சத்தம் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுமுனையில் மாவட்ட அவசர உதவியின் பெண் குரல் கேட்டது. "சொல்லுங்கம்மா. எங்க இருக்கீங்க?"

"ஊசிக்காதுக்கு வெளிய."

"அங்க வெள்ளம் எறங்கிட்டிருக்கும்மா. உள்ள போனது எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"வெளிய வந்தது?"

ஹைரமின் பெயரைச் சொல்லத்தான் போன் போட்டிருந்தாள். பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. பக்கத்தில் மிட்டாயைக் கடிக்கும் சின்னச் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரு," என்றாள் கென்னா.